அலுவலகக் கோபுரத்தைக் குடியிருப்பாக மாற்றுவது எப்படி? நியூயார்க்கின் பழைய வானளாவிகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில், பிராட்வே சாலையில் நிற்கும் உல்வொர்த் கட்டடம் 1913 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். உயரம் 792 அடி. சில்லறைச் சாமான்களை ஐந்து சென்ட்டுக்கும் பத்து சென்ட்டுக்கும் விற்றுப் பணம் சேர்த்த ஃபிராங்க் உல்வொர்த், 1.35 கோடி டாலரைக் கடன் வாங்காமல் ரொக்கமாகவே கொடுத்துக் கட்டி முடித்தார். ஒரு நூற்றாண்டு அலுவலகமாக இருந்த அந்தக் கோபுரத்தின் மேல் 30 தளங்களை ஆல்கெமி பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் 2012இல் 6.8 கோடி டாலருக்கு வாங்கி, முப்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகளாக மாற்றியது. கீழ்த்தளங்களில் அலுவலகங்களே தொடர்கின்றன.

மேலே வீடு, கீழே அலுவலகம் என்ற அந்தப் பிரிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய கோபுரம் ஒன்றை வாங்கியவுடன் அடித்தளத்திலிருந்து உச்சி வரை வீடாக்கிவிடத் துடிப்பவர்கள்தாம் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எந்தப் பகுதியை மாற்றாமல் விடுவது என்று முதலில் முடிவெடுங்கள். மற்ற கணக்குகள் அதற்குப் பின்னால் வரட்டும்.

இங்கே சொல்லும் சட்டங்கள் நியூயார்க்குடையவை. சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் விதிகளும் அலுவலகங்களின் பெயர்களும் வேறு. வேலையின் வரிசை ஏறத்தாழ இதேதான்.

முதல் படி: ஜன்னலிலிருந்து உள்ளே அளந்து பாருங்கள்

கட்டடத்தின் அழகு, முகவரி, விலை எல்லாம் இருக்கட்டும். அளவுநாடாவை எடுத்து ஜன்னலிலிருந்து லிஃப்ட், படிக்கட்டு இருக்கும் மையப் பகுதியின் சுவர் வரை எத்தனை அடி என்று பாருங்கள். 25 முதல் 30 அடிக்குள் இருந்தால் பேச்சைத் தொடரலாம். 40ஐத் தாண்டினால் வீட்டின் அமைப்பு ரயில் பெட்டி போல நீண்டு, பின்பாதி முழுக்க இருட்டாகிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கோபுரங்கள் இந்தச் சோதனையில் தேறுவது தற்செயல் அல்ல. குழல் விளக்கும் குளிர்சாதனமும் பரவுவதற்கு முன், ஜன்னல் வெளிச்சம் எட்டாத மேசைக்கு யாரும் வாடகை கொடுக்கத் தயாராக இல்லை. ஆகவே அன்றைய கட்டடக் கலைஞர்கள் தளங்களை ஒடுக்கமாக வைத்தார்கள். அகலமாகக் கட்டியே தீரவேண்டிய இடத்தில் நடுவே வெளிச்ச முற்றம் விட்டார்கள். உல்வொர்த்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட், கீழ்ப்பகுதியை நடுவில் முற்றம் விட்ட லாட வடிவிலும், அதன் மேல் எழும் கோபுரத்தைச் சிறு சிறு தளங்களாகவும் அமைத்தார். நான்கு புறமும் ஜன்னல் உள்ள அந்த மேல் தளங்கள் ஒரு தளத்துக்கு ஓரிரு வீடுகள் என்று வெட்டுவதற்கு ஏற்றவை. பெரிய கீழ்த்தளங்களை அலுவலகமாகவே விட்டதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் சற்றுத் தெற்கே நடந்தால் போதும். ஒன் வால் ஸ்ட்ரீட் கட்டடம் 1931இல் இர்விங் டிரஸ்ட் வங்கிக்காக ரால்ஃப் வாக்கர் வடிவமைத்த 50 மாடிக் கோபுரம். 1965இல் அதன் தெற்கே ஓர் இணைப்புக் கட்டடம் சேர்ந்தது. மொத்தத்தையும் 2014இல் 58.5 கோடி டாலருக்கு வாங்கிய கட்டட வணிகர் ஹாரி மேக்லோ, கீழ்த்தளக் கடைகள் போக மீதியை 566 வீடுகளாக்கினார். அகன்ற தளங்களில் இருட்டுப் பகுதி மிஞ்சத்தான் செய்யும். பொதுவாக அங்கே அலமாரி அறை, குளியலறை, சேமிப்பறை போன்றவற்றைத் திணிப்பார்கள். மீதிக்கு ‘வீட்டு அலுவலகம்’ என்று பெயர் சூட்டுவார்கள். விற்பனைப் பிரசுரத்தில் அந்த அறையில் கட்டில் போட்ட படம் இருந்தால் வாங்குபவர் உஷாராக வேண்டும். நியூயார்க்கில் ஜன்னல் இல்லாத அறை சட்டப்படி படுக்கையறை ஆகாது. அறைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது கண்ணாடி இருக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி: பக்கத்து மனையின் எல்லைக்கோட்டிலேயே அமைந்த ஜன்னல்கள். இன்று அவற்றின் வழியே வெயில் அள்ளிக் கொட்டும். நாளை பக்கத்துக்காரர் சுவர் எழுப்பினால் அடைபட்டுவிடும். ஆகவே அவற்றைப் படுக்கையறைக் கணக்கில் சேர்க்க முடியாது. முதல் வரைபடத்திலேயே அவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: உரிமையும் காலி செய்தலும்

ஃபிளாட்அயர்ன் கட்டடத்தின் கதை இதற்குப் பாடம். டேனியல் பர்னம் வடிவமைத்து 1902இல் எழுந்த அந்த முக்கோணக் கட்டடத்தை, அங்கே இருந்த பதிப்பகம் 2019இல் காலி செய்தது. கூட்டு உரிமையாளர்களில் கால் பங்குக்காரருக்கும் முக்கால் பங்குக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வழக்கு ஏலத்தில் முடிந்தது. 2023 மார்ச் ஏலத்தில் 19 கோடி டாலருக்குக் கேட்டவர் முன்பணத்தைக் கட்டவில்லை. மே மாதம் மறு ஏலத்தில் முக்கால் பங்குக்காரர்களே 16.1 கோடிக்கு எடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் வீடுகளாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகள் ஒரு செங்கல்கூட நகரவில்லை. காரணம் கட்டடம் அல்ல, பத்திரத்தில் இருந்த பெயர்கள்.

வாடகைதாரர்கள் இருந்தால் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து வாசியுங்கள். இடிப்புப் பணிக்காக ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்கும் ஷரத்து உள்ளதா, நீட்டிப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பவை முக்கியம். ஷரத்து இல்லையென்றால் பணம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கடைசியாக மிஞ்சும் வாடகைதாரருக்குத் தன் கையிருப்பின் மதிப்பு நன்றாகத் தெரியும். தளங்களைச் சிதறலாகக் காலி செய்யாமல் மேலிருந்து கீழாக, தொடர்ச்சியாகக் காலி செய்யப் பாருங்கள். நடுவில் ஒரே ஓர் அலுவலகம் இருந்தாலும் அதன் வழியே குழாய் இறக்க முடியாது.

மூன்றாம் படி: மண்டல விதியும் பாரம்பரியச் சின்ன விதியும்

பழைய கோபுரங்களில் பல இன்றைய மண்டல விதிப்படி (எந்த இடத்தில் எதை, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற நகர விதி) புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காத அளவு பெரியவை. இருக்கும் உடலை அப்படியே வைத்துக்கொண்டு பயன்பாட்டை மட்டும் மாற்றினால் அந்தப் பரப்பு முழுவதும் உங்களுக்கு. மாற்றியமைத்தலின் பொருளாதாரமே இந்தச் சலுகையில்தான் நிற்கிறது. முன்பு நகரின் பெரும்பகுதியில் 1961க்கு முன்பும், கீழ் மன்ஹாட்டனில் 1977க்கு முன்பும் கட்டியவற்றுக்கே இது கிடைத்தது. 2024 டிசம்பரில் நிறைவேறிய ‘சிட்டி ஆஃப் யெஸ்’ சட்டத்திருத்தம் அந்த வரம்பை 1990 வரை நீட்டித்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1999லேயே தன் மையப்பகுதிக்குத் தனி ஆணை கொண்டுவந்து வழியைத் திறந்துவிட்டது. நீலப்பச்சைச் சுடுமண் போர்த்திய 1930ஆம் ஆண்டின் ஈஸ்டர்ன் கொலம்பியா கட்டடம் அங்கே வீடுகளானது அந்த அலையில்தான்.

பாரம்பரியச் சின்ன ஆணையத்திடம் போகும் முன், எந்தெந்தப் பகுதி சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள். வெளிமுகம் ஒரு கணக்கு, உட்புறம் தனிக் கணக்கு. பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகும் உட்புறங்களைத்தான் சின்னமாக அறிவிக்க முடியும். உல்வொர்த்தில் 1983இல் வெளிமுகமும் மொசைக் கூரை கொண்ட லாபியும் அறிவிக்கப்பட்டன. வீடுகளுக்கு பார்க் பிளேஸ் பக்கம் தனி வாசல் அமைந்தது. ஒன் வால் ஸ்ட்ரீட்டில் வெளிமுகம் 2001இல் சின்னமானது. கலைஞர் ஹில்ட்ரெத் மியரின் சிவப்பும் பொன்னுமான மொசைக் பதித்த ‘சிவப்பு அறை’ 2024இல்தான் அந்தப் பட்டியலில் ஏறியது. அந்த அறையை வீடாக்கினால் கோடிகள் கிடைத்தாலும் சகிக்காது. 2025இல் அது பிரான்ஸைச் சேர்ந்த பிரான்டாம் அங்காடியின் காலணிப் பிரிவாகத் திறந்தது. பார்க்கிறவர்களுக்கு அறையும் மிஞ்சியது, உரிமையாளருக்கு வாடகையும் வந்தது.

அண்ணாந்து பார்த்தால் தெரியும் ஒவ்வொன்றுக்கும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்: ஜன்னல் சட்டம், காற்றுத் திறப்பு, கூரை மேல் இயந்திரம், கைப்பிடிச் சுவர். விண்ணப்பத்தோடு பழைய புகைப்படங்களையும் மூல வரைபடங்களையும் சேர்த்துக் கொடுத்தால் பாதி வாதம் முடிந்துவிடும்.

நான்காம் படி: தட்டிக் கேளுங்கள்

1979இல் பிராட்வேயில் ஒரு பழைய கட்டடத்திலிருந்து உதிர்ந்த முகப்புத் துண்டு கீழே நடந்துபோன கல்லூரி மாணவி ஒருவரைக் கொன்றது. அதன் விளைவாக வந்த சட்டத்தின்படி, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தச் சோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ‘பாதுகாப்பானது, ஆனால் பழுதுபார்க்க வேண்டும்’ என்று அடுத்தடுத்து வரும் அறிக்கைகளில் ஒரே மூலை இடம்பெற்றால், அந்த மூலை உங்கள் தலையில்தான் விடியும்.

அறிக்கையோடு நிற்காதீர்கள். தொங்கு மேடையில் ஒரு நிபுணரை இறக்கி, சுடுமண் கட்டிகளை மரச் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள். நல்ல கட்டி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். உள்ளே குடைவாக இருக்கும் இந்தக் கட்டிகள் எஃகுக் கொக்கிகளில் மாட்டப்பட்டவை. இணைப்பு வழியே மழைநீர் புகுந்தால் கொக்கி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; அது உள்ளிருந்தே கட்டியைப் பிளந்துவிடும். உல்வொர்த் கட்டடத்தில் 1977 முதல் 1981 வரை நடந்த பழுதுபார்ப்பில் ஏறத்தாழ 26,000 சுடுமண் துண்டுகளை எடுத்துவிட்டு கான்கிரீட் வார்ப்புகளைப் பொருத்த வேண்டியிருந்தது.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), ஈயப் பெயின்ட் என்ற நச்சுப் பொருள்கள் இரண்டும் இருக்கின்றன என்றே வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

ஐந்தாம் படி: குழாய், லிஃப்ட், புகை

வடிவமைப்பின் மிகக் கடினமான பகுதி இது. ஆனால் பளபளப்பான படங்களில் இது எதுவும் தெரியாது.

அலுவலகத் தளத்தில் கழிப்பறைகள் மையத்தில் ஒரே இடத்தில் கூடியிருக்கும். வீடாக்கினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சமையலறை, இரண்டு மூன்று குளியலறைகள். ஒவ்வொன்றுக்கும் கழிவுநீர்க் குழாய், காற்றுக் குழாய், வெந்நீர், தண்ணீர். இவை மேலிருந்து கீழ்வரை நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். கோபுரமோ மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுங்குகிறது. 45ஆவது தளத்துக் குளியலறைக்குக் கீழே 35ஆவது தளத்தில் யாரோ ஒருவருடைய வரவேற்பறை வந்து நிற்கும். ஆகவே வீடுகளை வரைந்துவிட்டுக் குழாயைத் தேடாதீர்கள். குழாய்க் கோடுகளை முதலில் போட்டு, அவற்றைச் சுற்றி வீடுகளை வரையுங்கள்.

அடுத்த கேள்வி, தளத்தில் எங்கே துளையிடுவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கட்டடங்களில் எஃகு உத்திரங்களுக்கு இடையே குடைவான சுடுமண் கட்டிகளைத் தட்டை வளைவாக அடுக்கித் தளம் அமைத்திருப்பார்கள். கட்டிகள் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கின்றன. நடுக்கட்டியில் துளை போட்டால் அந்த வரிசையே கீழே வரலாம். 1920களுக்குப் பிறகு வந்தவற்றில் நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் கம்பிவலையைத் தொய்வாக விரித்திருப்பார்கள். பாரத்தைத் தாங்குவது அந்த வலையின் இழுவிசை. ஓரிடத்தில் வெட்டினால் உத்திரங்களுக்கு இடைப்பட்ட அந்தப் பகுதி முழுவதும் பலமிழக்கும். இரண்டு வகைக்கும் உருப்படியான தீர்வு ஒன்றே: குழாய்கள் இறங்கும் இடத்தில் இரு உத்திரங்களுக்கு இடைப்பட்ட பகுதி முழுவதையும் முட்டுக் கொடுத்து அகற்றி, புதிய எஃகுத் தகடும் கான்கிரீட்டும் போடுவது. இந்த வேலையைச் சிறு சிறு துளைகளாக முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை அன்றே கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

லிஃப்ட் விஷயத்தில் கட்டடமே உங்களுக்கு உதவும். காலை ஒன்பது மணிக்கு ஆயிரக்கணக்கானோரை ஏற்றுவதற்காக அமைத்த லிஃப்ட்கள் சில நூறு குடும்பங்களுக்குத் தேவையில்லை. மிஞ்சும் லிஃப்ட் கிணறுகளில் குழாய்களையும் மின் கம்பிகளையும் இறக்கலாம். தளம் போட்டு மூடினால் விற்கக்கூடிய பரப்பும் கூடும். ஆனால் கீழே அலுவலகம், மேலே வீடு என்றால் இரு சாராருக்கும் தனித்தனி லிஃப்டும் தனி வாசலும் கட்டாயம். பொது லிஃப்டில் ஈரத்துண்டோடு நீச்சல்குளத்துக்குப் போகிறவரும் கோப்போடு நிற்கும் வழக்கறிஞரும் சந்திப்பது இருவருக்கும் நல்லதல்ல.

சமையல் புகை எங்கே போகும்? முகப்பில் துளை போட ஆணையம் பெரும்பாலும் விடாது. கூரை வரை புகைக்குழாய் கொண்டுபோனால் ஒவ்வொரு தளத்திலும் இடம் தின்னும். மலிவான வழியாக, புகையை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் மூடியை (அடுப்புக்கு மேலே இருக்கும் புகையுறிஞ்சி) பொருத்துகிறார்கள். ரொட்டி வாட்டுகிறவர்களுக்கு அது போதும். கடுகும் மிளகாயும் தாளிக்கும் வீட்டில் மறுநாள் காலை வரை திரைச்சீலை மணக்கும். நம்மவர்கள் வீடு பார்க்கப் போகும்போது அடுப்பைவிட அதன் மேலிருக்கும் மூடியின் குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பது நல்லது.

வெப்பமூட்டலுக்கு மின்சார வெப்பப் பம்புகளைத் தேர்ந்தெடுங்கள். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு நியூயார்க் 2024 முதல் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு வரம்பு விதித்திருக்கிறது. மீறினால் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். அந்த அபராதத்தைக் கட்டப்போவது வீட்டை வாங்கியவர்கள்.

ஆறாம் படி: பணமும் பத்திரமும்

வாடகை வீடுகளா, விற்பனை வீடுகளா என்பதை இதற்குள் முடிவு செய்திருக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடச் சீரமைப்புக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகை, வருமானம் ஈட்டும் சொத்துகளுக்கே உரியது. ஐந்தாண்டுகளுக்குள் விற்றால் சலுகையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். அதாவது தனித்தனி வீடுகளாக உடனே விற்கும் காண்டோமினியத்துக்கு அது இல்லை. ஐந்தாண்டு வாடகைக்கு விட்டுவிட்டுப் பிறகு விற்கலாமே என்று கணக்குப் போடுவோர் உண்டு. 2019இல் வந்த நியூயார்க் மாநிலச் சட்டப்படி, குடியிருப்போர் உள்ள கட்டடத்தைக் காண்டோமினியமாக்க அவர்களில் 51 சதவீதத்தினர் வாங்கச் சம்மதிக்க வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் அங்கேயே முறிந்துவிடும். மேக்லோவும் ஒன் வால் ஸ்ட்ரீட்டில் வாடகையும் விற்பனையும் கலந்த திட்டத்தோடுதான் தொடங்கினார். பிறகே முழுக்க விற்பனை என்று மாற்றினார்.

சட்ட ரீதியாக ஒரு கட்டடத்தைத் தனித்தனிச் சொத்துகளாகப் பிரிப்பது, 1964இல் வந்த மாநிலக் காண்டோமினியம் சட்டத்தின்கீழ் நடக்கிறது. வாங்குபவருக்குத் தன் வீடும், பொதுப் பகுதிகளில் ஒரு சதவீதப் பங்கும் கிடைக்கும். சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்குப் பிரிபடாத பாகம் என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். இங்கே அந்தச் சதவீதம்தான் மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் வாக்கையும் தீர்மானிக்கிறது. அலுவலகப் பகுதியும் இருந்தால் அதைத் தனி அலகாக எழுதி, கூரை, முகப்பு, கொதிகலன், தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்றின் செலவிலும் யாருக்கு எவ்வளவு என்று இப்போதே பிரித்துவிடுங்கள். நூறு வயது முகப்பின் பழுதுச் செலவை யார் ஏற்பது என்பதை ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டால், பிறகு பேசுவது நீதிமன்றத்தில்தான்.

விற்பனைக்கு முன் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் விற்பனைத் திட்ட ஆவணத்தைத் தாக்கல் செய்து ஏற்பு பெற வேண்டும். கட்டடத்தின் நிலை, பழுதுகள், பட்ஜெட் எல்லாம் அதில் இருக்கும். நான்காம் படியில் சுத்தியால் தட்டிக் கண்டறிந்ததை இதில் மறைத்தால் மோசடித் தடுப்புச் சட்டம் பாயும். காலிக் கட்டடத்துக்கு, 15 சதவீத வீடுகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் திட்டம் செல்லுபடியானதாக அறிவிக்கப்படும். முன்பணம் தனிக் காப்புக் கணக்கில் இருக்கும். நம் ஊரில் போல அதை எடுத்துச் சிமென்ட் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

வட்டியைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஒன் வால் ஸ்ட்ரீட்டை வாங்கியது 2014, வீட்டு விற்பனை தொடங்கியது 2021. இடையில் ஏழாண்டு. எதிர்பாராச் செலவுக்கு, புதுக் கட்டடத்துக்கு ஒதுக்குவதைப் போல இரு மடங்காவது ஒதுக்காத பட்ஜெட்டை நான் நம்பமாட்டேன். சுவரைத் திறந்த பிறகுதான் கட்டடம் உண்மையைப் பேசும்.

ஏழாம் படி: வேலையின் ஒழுங்கு

முதலில் கல்நார் அகற்றல், பிறகு உட்புற இடிப்பு, பிறகு எஃகைத் திறந்து ஆய்வு. முகப்பு வேலையைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி நடத்துங்கள். தண்ணீர் புகுவது நிற்கும் முன் ஜிப்சம் பலகை பொருத்தினால் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகும்.

ஆட்களையும் பொருளையும் ஏற்றும் வெளிப்புற லிஃப்டை எங்கே நிறுத்துவது என்பது சிறிய கேள்வி இல்லை. ஜன்னல் திறப்புகளின் வழியே உள்ளிருக்கும் எஃகுச் சட்டத்தோடுதான் அதைப் பிணைக்க வேண்டும். சுடுமண்ணில் ஒரு துளைகூடக் கூடாது. அது நிற்கும் வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் கடைசியில்தான் முடியும், ஏனென்றால் அவற்றின் ஜன்னல்தான் உங்கள் வாசல். மங்கலான காட்சி உள்ள, விலை குறைந்த வரிசையை அதற்குக் கொடுங்கள்.

ஜன்னல்களைப் பழைய அளவிலும் சட்ட வடிவிலும், இரட்டைக் கண்ணாடியோடு செய்விக்க வேண்டியிருக்கும். முதலில் ஒரு மாதிரி ஜன்னலைப் பொருத்தி ஆணையத்துக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மொத்த ஆர்டர் கொடுங்கள்.

எட்டாம் படி: விற்பனையும் ஒப்படைப்பும்

குடிபுகுவதற்கான தற்காலிகச் சான்றிதழ் கிடைத்தால் கீழ்த்தளங்களிலிருந்து பத்திரப் பதிவைத் தொடங்கலாம். விலையைப் பொறுத்தவரை உச்சி வீட்டை நம்பித் திட்டத்தின் லாபத்தைக் கட்டாதீர்கள். உல்வொர்த்தின் கூர்முனைக்குள் அமைந்த வீட்டுக்கு 2017இல் கேட்ட விலை 11 கோடி டாலர். 2023இல் அது கைமாறியது 3 கோடிக்கு, அதுவும் உள்வேலை முடியாத வெற்றுக் கூடாக. சாதாரண இரண்டு படுக்கையறை வீடுகள் கடனையும் வட்டியையும் அடைக்கும்படி கணக்கு இருக்க வேண்டும். உச்சியில் வருவது வந்த வரை லாபம்.

குடியிருப்புச் சங்கத்தின் கட்டுப்பாடு உங்களிடமிருந்து வீட்டு உரிமையாளர்களுக்குப் போகும் நாளில், சாவிக்கொத்தோடு நான்கு கட்டு ஆவணங்களையும் ஒப்படையுங்கள்: முகப்பின் ஒவ்வொரு கட்டியையும் குறித்த வரைபடம், மாற்றிய சுடுமண்ணின் வார்ப்பு அச்சுகள் இருக்கும் இடம், குழாய்க் கோடுகளின் இறுதி வரைபடம், ஆணையத்தின் அனுமதிகள். அடுத்த ஐந்தாண்டு முகப்புச் சோதனைக்கு வரும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.